கட்டியக்காரன் டேவிட்

ஓரத்தில் நின்றவர்கள் – 14

தென்னார்க்காட்டுக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. மத்தளமும் முகவீணையும் சூடேறிய நேரம். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். அதற்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய துரியோதனன், முகத்தைக் காட்டியும் மறைத்தும் பாடிக்கொண்டிருப்பான். திரைக்கு இந்தப் பக்கம் ஒருவன் நின்று, யார் நீர், எந்தத் தேசத்துக்கு ராஜா, இந்த அர்த்தராத்திரியில் எங்கள் சபைக்கு வந்த காரியம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ராஜா பதில் சொல்லச் சொல்லத்தான் தரையில் உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு வந்திருப்பவன் ராஜா என்பது உறைக்கும். கேள்வி கேட்பவன் கட்டியக்காரன்.

கம்மாபுரம், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு என்று எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியை ஒட்டிக் கூத்து வைக்கிற ஊர்களில் நான் கவனித்தது இது. துரியோதனன் தன் கட்டம் முடிந்ததும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துப் படுத்துக்கொள்ளலாம். துச்சாதனனும் அப்படியே. கட்டியக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. காவல்காரன், தூதன், கிழவன், பல்லக்குத் தூக்கி, ஊர்க்காரன் எல்லாமே அவன்தான். ராஜாவுக்குத் தொண்டை கட்டிவிட்டால் பேச்சை இழுத்து நேரம் வாங்கித் தருவதும் அவன் வேலை. விடிந்த பிறகு ஊர் பேசுவது துரியோதனனைப் பற்றி.

இந்த வாரம் நான் எழுதும் மனிதர் கூத்து பார்த்தவர் அல்ல. மும்பைக்காரர், யூதர், இந்திப் படங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். முழுப்பெயர் டேவிட் ஆபிரகாம் சியூல்கர். டைட்டிலில் வெறும் டேவிட். குள்ளமான உருவம், வழுக்கைத் தலை, சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடும் கண்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தும் கதாநாயகன் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அவர் நிற்கிற காட்சியில் மற்றவர்கள் மேலாகத் தெரிவார்கள். குணச்சித்திர நடிப்பு என்பது இதுதான் என்று எனக்குக் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம். கொங்கணக் கடற்கரையில், இன்றைய ராய்கட் மாவட்டத்தில், சௌல் என்று ஒரு பழைய துறைமுக ஊர். அந்த ஊர்ப்பெயர்தான் டேவிட்டின் குடும்பப் பெயரில் இருக்கிறது. பெனே இஸ்ரேல் என்ற யூதச் சமூகம் அந்தக் கரையோரக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தது. முன்னோர் வந்த கப்பல் நவ்காவ் அருகே உடைந்ததாகவும், தப்பிப் பிழைத்த சில குடும்பங்களிலிருந்து தாங்கள் பெருகியதாகவும் அவர்களுடைய மரபுக்கதை சொல்கிறது. தொழில் செக்கு ஆட்டுவது. ஓய்வுநாளான சனிக்கிழமையில் செக்கைத் தொடமாட்டார்கள் என்பதால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தார்கள். பேச்சு மராத்தி, பெண்களுக்கு உடை புடவை. பிரிட்டிஷ் காலத்தில் பலர் மும்பைக்குக் குடிபெயர்ந்து பட்டாளத்திலும் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் சேர்ந்தார்கள்.

நம் பக்கத்துக்கும் யூதர்கள் புதியவர்கள் அல்லர். சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு அஞ்சுவண்ண உரிமைகளைக் கொடுத்த செப்பேடு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையானது. அது பொறிக்கப்பட்டிருப்பது வட்டெழுத்தில். சென்னையில் யூதர் இடுகாடு இன்றும் இருக்கிறது.

மும்பைக்கு வந்த பெனே இஸ்ரேல்காரர்களில் சிலருக்கு நாடகப் பித்து பிடித்தது. பார்சி நாடகக் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. திரைச்சீலைகள், இயந்திரத் தந்திரங்கள், உருது வசனம், பாட்டு என்று ஊர் ஊராகச் சென்றன. நம் ஊர் நாடகக் கம்பெனிகள் சீன் கட்டவும் ஆர்மோனியத்தை முன்னால் வைக்கவும் கற்றதில் பார்சி கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கம்பெனிகளுக்கு நாடகம் எழுதியவர் ஜோசப் டேவிட் என்ற பெனே இஸ்ரேல்காரர். அவர் எழுதிய ஒரு நாடகத்தை அர்தேஷிர் இரானி படமாக எடுத்தார். 1931 மார்ச் 14 அன்று மும்பை மெஜஸ்டிக்கில் வெளியான அந்தப் படம் 'ஆலம் ஆரா', இந்தியாவின் முதல் பேசும்படம். ஏழு மாதம் கழித்து, அக்டோபர் 31 அன்று, அதே இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் எச். எம். ரெட்டி எடுத்த 'காளிதாஸ்' வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார், தமிழ் சினிமாவுக்குக் குரல் வந்தது. நம் பேசும்படத்தின் தொட்டிலை ஆட்டிய கைகளில் ஒரு யூத நாடக ஆசிரியரின் கையும் இருக்கிறது என்பதை நம் சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது ராணி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை, சாளுங்கே என்ற ஆண்தான் புடவை கட்டி நடித்தார். கூத்தில் இன்றைக்கும் பெரும்பாலும் ஆண்தான் திரௌபதி. சினிமாவில் அந்தத் தடையை உடைத்தவர்களில் யூதப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் முன்னால் நின்றார்கள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ், சுலோசனா என்ற பெயரில் ஊமைப்படக் காலத்தின் மிகப்பெரிய நட்சத்திரமானார். கல்கத்தாவில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம், ஊர்சுற்றும் பார்சி நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். கம்பெனி படமும் காட்டும். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீலை மாட்டும் இடைவெளியில் கூட்டம் கலையாமல் இருக்க மேடையேறி ஆடுவதுதான் அவருடைய முதல் வேலை. அவர்தான் பிரமிளா. 1947இல் முதல் மிஸ் இந்தியா ஆனவர், பின்னால் சொந்தப் படக் கம்பெனி நடத்தியவர். கணவர் குமாரும் நடிகர். அவர்களுடைய மகன் ஹைதர் அலியை 80களில் தூர்தர்ஷன் பார்த்தவர்கள் 'நுக்கட்' தொடரில் பார்த்திருப்பார்கள். பிற்பாடு 'ஜோதா அக்பர்' படத்தின் கதையை எழுதியவரும் அவரே. மேடையேறிய தாய்க்குப் பிறந்து, கதாநாயகன் ஆகாமல், சின்ன வேடங்களில் நின்று, எழுத்துக்கும் போன அந்த வாழ்க்கைக்கு ஒரு தனி அத்தியாயம் தரலாம்.

டேவிட்டுக்கு அப்படி நாடகக் கம்பெனி வழி எதுவும் வீட்டில் இல்லை. படித்த பிள்ளை. பட்டம் வாங்கி, சட்டமும் படித்து, ஆறு ஆண்டுகள் வேலை தேடினார். கிடைக்கவில்லை. நயம்பள்ளி என்ற நடிக நண்பர் அழைத்துப் போய் அறிமுகப்படுத்த, 1937இல் 'ஜாம்போ' என்ற படத்தில் முதல் வாய்ப்பு வந்தது. 1941இல் பம்பாய் டாக்கீஸ் எடுத்த 'நயா சன்சார்' அவரைக் கவனிக்க வைத்தது. அதன் கதையை எழுதியவர் கே. ஏ. அப்பாஸ். பின்னர் இப்டா என்னும் இந்திய மக்கள் நாடக மன்றம் 1943இல் பிறந்தது. வங்கப் பஞ்சத்தைப் பற்றி அது 1946இல் அப்பாஸ் இயக்கத்தில் எடுத்த 'தர்த்தி கே லால்' படத்திலும் டேவிட் நடித்தார். வீட்டில் கிடைக்காத நாடகச் சூழல் அவருக்கு இந்த வட்டாரத்தில் கிடைத்தது. மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம் எல்லாம் சரளமாக வரும். இடையில் பளுதூக்கும் விளையாட்டில் ஈடுபாடு கொண்டு சர்வதேசப் போட்டிகளுக்கு நடுவராகவும் போனார். அந்தக் குள்ள உருவத்தைத் திரையில் மட்டும் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கடினம்.

1954இல் ஆர். கே. ஃபிலிம்ஸ் 'பூட் பாலிஷ்' எடுத்தது. இயக்கம் பிரகாஷ் அரோரா. அனாதைகளான அண்ணன், தங்கை. அவர்களைப் பிச்சை எடுக்க விரட்டும் ஒரு கொடுமைக்காரச் சித்தி. குடிசைப் பகுதியில் கள்ளச்சாராயம் விற்கும் ஜான் சாச்சா அவர்களுக்குப் பிச்சை எடுக்காதே, உழைத்துச் சாப்பிடு என்று சொல்லித் தருகிறார். பிள்ளைகள் காசு சேர்த்து பாலிஷ் டப்பாவும் பிரஷும் வாங்குகிறார்கள். மழைக்காலம் வருகிறது, யாரும் செருப்புக்குப் பாலிஷ் போடுவதில்லை, தொழில் படுத்துவிடுகிறது. ஜான் சாச்சாவோ ஜெயிலில். அந்த ஜான் சாச்சாதான் டேவிட்.

80களில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஞாயிற்றுக்கிழமை இந்திப் படத்துக்கு மொழி ஒரு பிரச்னையாக இருந்ததில்லை. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து வட்டம் வட்டமாகக் குடியிருந்தார்கள். டி.வி. இருக்கும் குவார்ட்டர்ஸில் பாயை விரித்தால் இந்தி தெரிந்த யாராவது ஒருவர் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். கம்மாபுரத்திலிருந்து ஷிஃப்டுக்கு வருகிறவர்கள்கூடச் சில நாள் படம் முடிந்துதான் சைக்கிளை எடுப்பார்கள். 'பூட் பாலிஷ்' ஓடியபோது குழந்தைகளோடு ஜான் சாச்சா பாடும் அந்தப் புகழ்பெற்ற பாட்டுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பாட்டில் டேவிட் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குரல் முகமது ரஃபியுடையது, குழந்தைகளுக்காகப் பாடுவது ஆஷா போஸ்லே. பாட்டு முழுக்கக் கேள்வியும் பதிலும். ஜான் சாச்சா பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறார், பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்கிறார்கள். கேட்டு முடித்ததும் டேவிட் பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் கண்கள் குழந்தையின் முகத்தைவிட்டு அகலுவதில்லை. பதில் வந்ததும் அதை முதல் முறையாகக் கேட்டவர்போல முகம் மலர்கிறது. பாட்டுக் காட்சியில் பெரும்பாலான நடிகர்கள் அடுத்த வரிக்கு வாயசைக்கத் தயாராகிக்கொண்டிருப்பார்கள், அது முகத்தில் தெரியும். டேவிட் முகத்தில் அது இல்லை. அவர் குழந்தைகளைக் கேட்கிறார். அதனால் நம் கண்ணும் அவரைவிட்டுக் குழந்தைகளிடம் போகிறது. திரைக்கு முன்னால் நின்று ராஜாவைக் கேள்வி கேட்டு அவனை ராஜாவாக்கும் கட்டியக்காரன் செய்கிற வேலையும் இதுவே. அந்தப் படத்தில் தங்கையாக நடித்த பேபி நாஸுக்கு 1955இல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அந்தச் சிறுமியின் நடிப்பு அவளுக்கே உரியது, சந்தேகமில்லை. அவள் நடிக்கத் தேவையான இடத்தை விட்டுக் கொடுத்தவர் எதிரில் நின்ற டேவிட்.

அதே படத்தில் ஜெயிலுக்குள் மன்னா டே குரலில் மேகத்தைக் கூப்பிடும் பாட்டும் உண்டு. வழுக்கைத் தலைக் கைதிகள் கூடி உட்கார்ந்து அடாணா ராகத்தில் மழையை வேண்டுகிறார்கள். சிரிக்க வைக்கும் காட்சி. ஆனால் கதையில் வெளியே இரண்டு பிள்ளைகளுக்கு மழைதான் எதிரி. டேவிட் அந்தப் பாட்டை முழு மனதோடு, சாஸ்திரியக் கச்சேரிக்குரிய ஈடுபாட்டோடு பாடி நடிக்கிறார். சிரிப்பும் சங்கடமும் ஒன்றாக வருகின்றன.

ஃபிலிம்ஃபேர் விருதுகளில் சிறந்த துணை நடிகருக்கான பரிசு 1955இல்தான் முதல்முறையாகக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் டேவிட், 'பூட் பாலிஷ்' படத்துக்காக. அதே விழாக்களின் மேடையில் ஆண்டுக்கணக்கில் தொகுப்பாளராக நின்றவரும் அவர்தான். நட்சத்திரங்களை ஒவ்வொருவராக அழைத்து, நாலு வார்த்தை பொருத்தமாகச் சொல்லி, கைதட்டலை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். பம்பாயில் எந்தப் பெரிய விழா என்றாலும் மைக்கைப் பிடிக்க டேவிட்டைக் கூப்பிடுவது வழக்கமாகவே இருந்தது. 1969இல் பத்மஸ்ரீ வந்தது.

அவருடைய நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று மிகச் சிறியது. ரிஷிகேஷ் முகர்ஜியின் 'அபிமான்', 1973. பிரபலப் பாடகனான அமிதாப் பச்சன், கிராமத்திலிருந்து ஜெயா பாதுரியைக் கல்யாணம் செய்து அழைத்து வருகிறார். வரவேற்பில் இருவரையும் சேர்ந்து பாடச் சொல்கிறார்கள். கூட்டம் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. சங்கீத ரசிகராக வரும் டேவிட் கண்ணை மூடாமல் கேட்கிறார். கேட்கக் கேட்க முகத்தில் சந்தோஷம் இருக்கிறது, அதற்கு அடியில் ஒரு கலக்கம் ஏறுகிறது. பெண் கணவனைவிட நன்றாகப் பாடுகிறாள், இது நல்லதில் முடியாதே என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்கிறார். படத்தின் மீதிக் கதை முழுவதும் அந்த ஒரு கலக்கத்திலிருந்துதான் விரிகிறது. கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் தெரியாததை நமக்குத் தெரிவிக்கும் பொறுப்பை இயக்குநர் ஒரு ஓரத்து மனிதரின் காதுகளிடம் கொடுத்திருக்கிறார்.

கேட்பதை நடிப்பாக்கிய கலைஞன் என்றால் தமிழில் எனக்கு உடனே டி. எஸ். பாலையாதான். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை நம்மில் பலர் நாகேஷுக்காகத்தான் மறுபடி மறுபடி பார்க்கிறோம். அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த முகம் எப்படி நடுங்குகிறது, துண்டு எப்படிக் கையில் சுருங்குகிறது என்று பாருங்கள். பயப்பட ஒருவர் இல்லையென்றால் அந்தக் கதையில் பயமே இல்லை. நாடக மேடையில் பழகி, 1936இல் 'சதி லீலாவதி'யில் சினிமாவுக்கு வந்தவர் பாலையா. எதிரில் இருப்பவன் வசனத்தைத் தன் உடம்பில் வாங்கும் பழக்கம் மேடையில் நின்றவர்களுக்குத்தான் இவ்வளவு இயல்பாக வருகிறது என்று நான் நம்புகிறேன்.

டேவிட்டைத் தமிழ் ரசிகர்கள் வேறொரு வழியாகவும் அறிவார்கள். 1979இல் வந்த ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' படத்தில், வேலை தேடும் அமோல் பாலேகருக்கு முதலாளி உத்பல் தத்தின் கிறுக்குகளை எல்லாம் முன்கூட்டியே சொல்லி, மீசை முதல் உடை வரை எப்படிப் போக வேண்டும் என்று யோசனை சொல்லும் டாக்டர் மாமா அவர்தான். கதையின் அத்தனை புரட்டுக்கும் தொடக்கம் அந்த அன்பான யோசனை. 1981இல் கே. பாலசந்தர் அதைத் 'தில்லு முல்லு' ஆக்கினார். ரஜினிகாந்துக்கு அந்த யோசனையைச் சொல்லும் பெரியவராகத் தமிழில் வந்தவர் பூர்ணம் விஸ்வநாதன். சரியான தேர்வு. இந்தியா சுதந்திரம் அடைந்த செய்தியை அகில இந்திய வானொலியில் தமிழில் வாசித்த குரல் அவருடையது. சுஜாதாவின் நாடகங்களை மேடையில் உயிரோடு நிறுத்தியவர். சினிமாவில் அப்பா, மாமா, மேனேஜர், டாக்டர் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றார். பாத்திரத்துக்குள் தன் கண்ணியத்தைக் கொஞ்சம் கலந்துவிடுவது இருவருக்கும் பொது.

குறை ஒன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்தி சினிமா டேவிட்டை நல்ல பெரியவராக மட்டும் பார்க்கப் பழகிவிட்டது. 70களின் கடைசியில் 'பாத்தோன் பாத்தோன் மே' படத்தின் அங்கிள் டாம் வரை, கல்யாணத்துக்குத் தூது போகும் கனிவான மாமா வேடங்களே அவரைத் தேடி வந்தன. கிறிஸ்தவராக, முஸ்லிமாக, வங்காளி இந்துவாக எல்லாம் வந்தார். யூதக் கதையையே மையமாகக் கொண்டு பிமல் ராய் 1958இல் 'யஹூதி' எடுத்தபோது அந்த யூதத் தந்தையின் பாத்திரம் பார்சிக்காரரான சோராப் மோடிக்குப் போனது. ஆகா ஹஷ்ர் காஷ்மீரி பார்சி மேடைக்கு எழுதிய நாடகம் அது, மோடியும் அந்த மேடையில் வளர்ந்தவர், அந்த வகையில் பொருத்தம்தான். இருந்தாலும் டேவிட்டின் அடக்கமான குரலில் அந்தக் கிழவரின் துக்கம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறேன்.

அதற்குள் அவருடைய சமூகமே கரைந்துகொண்டிருந்தது. 1940களின் கடைசியில் இந்தியாவில் இருபதாயிரத்துக்கு மேல் யூதர்கள் இருந்தார்கள். இஸ்ரேல் 1948இல் உருவான பிறகு பெனே இஸ்ரேல் குடும்பங்கள் அலையலையாகக் கப்பலேறின. இங்கே அவர்களை யாரும் துரத்தவில்லை, அவர்களாகவே போனார்கள். டேவிட் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில்தான் கனடாவில் இருந்த உறவினர்களோடு இருக்க டொரண்டோ போனார். 1981 இறுதியில் அங்கேயே காலமானார். 'தில்லு முல்லு' நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்த வருடமும் அதுதான்.

'பூட் பாலிஷ்' பார்க்காதவர்கள் பாருங்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள், கறுப்பு வெள்ளை என்று எழுந்து போகமாட்டார்கள். அடுத்த வாரம் ஃப்ளோரன்ஸ் எஸக்கியேல், அதாவது நாதிரா. 'ஸ்ரீ 420'இல் சிகரெட் ஹோல்டரோடு வந்து மிரட்டியவர், இருபது ஆண்டு கழித்து 'ஜூலி'யில் ஒரு ரயில்வே டிரைவரின் மனைவியாக எப்படி மாறினார் என்று பார்க்கலாம்.

(தொடரும்)